மெனிக்கே வீட்டுக் கதவு

திருநெல்வேலி டவுண்,
ஐப்பசி, செவ்வாய்க்கிழமை.

அன்பு மகள் கலையரசிக்கு,

அம்மா எழுதுகிறேன். நீயும் மாப்பிள்ளையும் பாப்பாவும் அந்தக் குளிரில் சளி, காய்ச்சல் இல்லாமல் இருக்க வேண்டும் என்று நெல்லையப்பரை நினைத்துக்கொண்டே பேனாவை எடுத்திருக்கிறேன். இங்கே அப்பாவுக்கு முழங்கால் வலி கொஞ்சம் பரவாயில்லை. மழை பிடித்துக்கொண்டது. ஆற்றில் தண்ணீர் ஏறி, குறுக்குத்துறைக் கோயில் மண்டபத்துக்குள் போய்விட்டதாம். அப்பா குடையை எடுத்துக்கொண்டு பார்க்கப் போயிருக்கிறார். வேண்டாம் என்று சொன்னால் கேட்கிற ஆளா?

நேற்றுத்தானே வீடியோவில் பேசினோம், இன்றைக்குக் கடிதம் எதற்கு என்று நினைப்பாய். போனில் என் முகம் உனக்குத் தெரிகிறது. அது தெரியாமல் சொல்ல வேண்டிய விஷயம் இது. மேலப்பாளையம் ஹசன் அலி தங்கை கல்யாணத்துக்கு வந்துவிட்டு நாளைக்குக் கால்கரிக்குத் திரும்புகிறார். உங்கள் ஊர் வழியாகத்தான் வேலைக்குப் போவாராம். வெள்ளிக்கிழமைக்குள் உன் கையில் கொடுத்துவிடுகிறேன் என்று சொல்லியிருக்கிறார். சனிக்கிழமைக் கூட்டத்துக்கு முன்னால் நீ இதைப் படித்துவிட வேண்டும். மாப்பிள்ளையும் படிக்கட்டும்.

போன மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை, முதல் பனி விழுந்திருக்கிறது பாரம்மா என்று போனைத் திருப்பிக் காட்டினாயே, அன்றைக்கே எனக்கு மனசு சரியில்லாமல் போய்விட்டது. எதிர்வீட்டு வாசலில் ஒரு பலகை நட்டிருந்தது. அது என்ன என்று கேட்டேன். நீ சிரித்தாய். வெய்ன் வீட்டுப் பலகை, ஆல்பர்ட்டா கனடாவை விட்டுத் தனி நாடாகப் போக வேண்டும் என்று எழுதியிருக்கிறார்கள், ஊரெல்லாம் இப்போது இதே பேச்சுதான் என்றாய். போன வருஷம் பாப்பாவுக்கு மூச்சுத் திணறியபோது, உங்கள் கார் பனியில் சிக்கிக்கொண்டதால் தன் வண்டியில் ஆஸ்பத்திரிக்குக் கூட்டிக்கொண்டு போனாரே, அந்த வெய்ன்தானே என்று கேட்டேன். அவர்தான் என்றாய். அதற்கப்புறம் நீ பேசியது எதுவும் என் காதில் ஏறவில்லை.

பிறகு அந்தச் சமுதாயக் கூடத்தில் நடந்த கூட்டத்தைப் பற்றிச் சொன்னாய். பிரிய வேண்டும் என்பவர்கள் ஒரு பக்கம், கூடாது என்பவர்கள் ஒரு பக்கம், மேடையில் வெய்னும் ஒருவர். மாப்பிள்ளை சும்மா கேட்கத்தான் போனார். கங்கைகொண்டான் கம்பெனியில் ஷிப்ட் பார்த்த காலத்திலேயே யூனியன் கூட்டத்தில் எழுந்து கேள்வி கேட்கிறவர் ஆயிற்றே, வாய் சும்மா இருக்குமா? நாங்களும் இங்கேதான் வேலை பார்த்து வரி கட்டுகிறோம், நாடு பிரிந்தால் எங்கள் நிலைமை என்ன, அதைப் பற்றி யாராவது யோசித்தீர்களா என்று மைக்கில் கேட்டிருக்கிறார். பின்னாலிருந்து ஒருவன், நேற்று வந்தவனுக்கு ஓட்டும் கிடையாது, பேச்சும் கிடையாது, உட்கார் என்று கத்தியிருக்கிறான். அவனை அதட்டியவர்களும் அந்தக் கூட்டத்தில் இருந்தார்கள் என்று நீ சொன்னாய். அதை நான் மறக்கவில்லை. ஆனால் வெய்ன் மட்டும் தலையைக் குனிந்து கையிலிருந்த காகிதத்தைப் பார்த்துக்கொண்டிருந்தாராம். மாப்பிள்ளை வீட்டுக்கு வந்து சாப்பிடவில்லையாம். அன்றிலிருந்து எதிர்வீட்டுக்காரரைக் கண்டால் இவர் ஒரு பக்கம் திரும்பிக்கொள்கிறார், அவர் ஒரு பக்கம் திரும்பிக்கொள்கிறார்.

இப்போது இந்தச் சனிக்கிழமைக் கூட்டத்தில் வெளியிலிருந்து வந்தவர்கள் சார்பாகப் பேசச் சொல்லி மாப்பிள்ளையையே மேடைக்குக் கூப்பிட்டிருக்கிறார்கள். நேற்று நீ குரலைத் தாழ்த்திக்கொண்டு, "யம்மா, நீ சொன்னாத்தான் அவிய கேப்பாவ. போவாண்டாம்னு சொல்லும்மா" என்று அழுதாய். எழுதுகிறேன் என்று மட்டும் சொல்லிவிட்டு வைத்துவிட்டேன்.

உன் அப்பாவுக்கு இதில் பயம் ஒன்றும் இல்லை. "ஏட்டி, அங்கன உள்ளவன் ஓட்டுப் போட்டுப் பிரியுததப் பத்திப் பேசுதான். அருவாளத் தூக்கிட்டா வாரான்? நீ எதுக்குப் பதறுத?" என்கிறார். டீக்கடையிலும் இதே பேச்சுதான். ஆவுடைநாயகம் அண்ணாச்சி, "அப்பம் நம்ம மருமவன் எந்த நாட்டுக்காரர் ஆவாரு வே?" என்று கேட்டாராம். எல்லாரும் சிரித்தார்களாம். அப்பா வீட்டுக்கு வந்து அதை என்னிடம் சொல்லி, மறுபடியும் சிரித்தார். நான் எழுந்து அடுக்களைக்குள் போய்விட்டேன்.

கலையரசி, உன் மாமா, என் அண்ணன் சொரிமுத்துவைப் பற்றி உனக்கு ஒரு வரிதான் தெரியும். சிலோனில் கலவரத்தில் போய்விட்டான் என்ற ஒரு வரி. அதற்கு மேல் நீயும் கேட்டதில்லை, என் வாயும் திறந்ததில்லை. இப்போது சொல்கிறேன்.

நாங்கள் இருந்தது மாத்தளைப் பக்கம் ஒரு தேயிலைத் தோட்டத்தில். மலைச் சரிவில் வரிசையாக ஒட்டிக் கட்டிய தகரக்கூரை வீடுகள், லயம் என்போம். அதில் ஒன்று எங்களுடையது. லயத்துக்குக் கீழே ஒரு ஓடை. ஓடைக்கு அந்தப் பக்கம் சிங்களவர்கள் கிராமம். ஓடையைத் தாண்டியதும் முதல் வீடு மெனிக்கேயுடையது. புருஷன் இல்லாதவள். அவளுக்குச் சுனில் என்று ஒரே மகன். அவனும் உன் மாமாவும் ஒரே வயது. பந்து விளையாட்டு, சைக்கிள், சினிமா எல்லாம் சேர்ந்துதான். உன் மாமா பாதி நாள் சாப்பிடுவது அங்கேதான். மெனிக்கே என்னைக் கண்டால் "என்ன, துவ, என்ன" என்பாள். அவர்கள் பாஷையில் "என்ன" என்றால் வா என்று அர்த்தம். "வா, மகளே, வா." சின்ன வயதில் இது எனக்குப் புரியாமல், ஒன்றும் இல்லையே, ஒன்றும் இல்லையே என்று பதில் சொல்லிக்கொண்டு நிற்பேன். அவள் விழுந்து விழுந்து சிரிப்பாள்.

எழுபத்தேழில் தேர்தல் வந்தது. வடக்கும் கிழக்கும் தனி நாடாக வேண்டும் என்று அந்தப் பக்கத்துத் தமிழர்கள் கேட்ட தேர்தல் அது. ரேடியோவில் அதுதான், டவுன் கடைகளில் அதுதான், பஸ்ஸில் அதுதான். பிரிந்தே ஆக வேண்டும் என்பான் ஒருவன். ஒரு பிடி மண் தர மாட்டோம் என்பான் இன்னொருவன். எங்கள் மலை அவர்கள் கேட்ட நாட்டுக்குள்ளேயே கிடையாது. உன் தாத்தாவுக்கு அந்த நாட்டில் ஓட்டும் கிடையாது. இந்தியப் பாஸ்போர்ட்டுக்கு எழுதிப் போட்டுவிட்டுக் காத்திருந்த குடும்பம் நாங்கள். பிரிந்தாலும் சேர்ந்தாலும் எங்களைக் கேட்க யாரும் இல்லை.

தாத்தா உன் மாமாவைக் கூப்பிட்டுச் சொன்னது எனக்கு நன்றாக ஞாபகம் இருக்கிறது. "நமக்கு ஓட்டும் இல்ல, ஊரும் இல்ல. எவன் என்ன பேசினாலும் நீ வாயத் தொறக்காதலே." மாமா அதை அப்படியே கேட்டான். பத்தொன்பது வயசுப் பையன், சத்தம் போட்டுச் சிரிக்கிறவன், சுவிட்சை அணைத்தது போல அடங்கிப்போனான். டீக்கடையில் அந்தப் பேச்சு எடுத்தால் பாதி டீயோடு எழுந்து வந்துவிடுவான். தமிழ்ப் பையன்கள் அவனைப் பயந்தாங்கொள்ளி என்றார்கள். சிங்களப் பையன்கள், இவன் மனசுக்குள் எதையோ வைத்திருக்கிறான், அதனால்தான் பேச மாட்டேன் என்கிறான் என்றார்கள். சுனில் கூட்டங்களுக்குப் போக ஆரம்பித்திருந்தான். ஒருநாள் சைக்கிளை ஓடைக்கரையில் நிறுத்தி, நீ எந்தப் பக்கம் என்று மாமாவிடம் கேட்டிருக்கிறான். மாமா பதில் சொல்லாமல் வந்துவிட்டான்.

அதிலிருந்து இரண்டு வீட்டுக்கும் போக்குவரத்து குறைந்தது. யாரும் யாரையும் ஏசவில்லை. மெனிக்கே ஒருதடவை பலாச்சுளையை வாழையிலையில் கட்டி, பேசாமல் எங்கள் வாசலில் வைத்துவிட்டுப் போனாள். பதிலுக்கு என்ன கொண்டுபோவது, போனால் என்ன பேசுவது என்று என் அம்மா தயங்கித் தயங்கிப் போகாமலே இருந்துவிட்டாள். பிறகு மெனிக்கேயும் வரவில்லை. சண்டை வந்திருந்தால்கூட நல்லது, கலையரசி. சண்டை போட்டவர்கள் சமாதானம் ஆகலாம். எங்களுக்குள் வந்தது கூச்சம். ஓடையில் துணி துவைக்கும்போது நேருக்கு நேர் பார்த்தால் இரண்டு பேரும் தண்ணீரைப் பார்ப்பார்கள்.

ஆகஸ்ட் மாதம் ஒரு மத்தியானம் லாரியில் ஆட்கள் வந்தார்கள். அந்தக் கிராமத்து ஆட்கள் இல்லை, எங்கிருந்தோ வந்தவர்கள். முதலில் தகரக்கூரை மேல் கல் விழுந்தது. அந்தச் சத்தத்தை நான் எப்படி எழுதுவது? இன்றைக்கும் பக்கத்து வீட்டுத் தகரக்கொட்டகையில் பெருமழை விழுந்தால் நான் எழுந்து நின்றுவிடுவேன். நீ சின்னப் பிள்ளையாக இருக்கும்போது, ஏம்மா மழைக்கு எழுந்து நிக்க என்று கேட்பாய்.

மாமா என்னையும் அம்மாவையும் இழுத்துக்கொண்டு மேலே தேயிலைச் செடிகளுக்குள் ஓடினான். எங்களைக் குனிய வைத்துவிட்டு, அய்யாவைக் கூட்டிட்டு வாரேன் என்று திரும்பிக் கீழே போனான். தாத்தா காய்ச்சலில் வீட்டுக்குள் படுத்திருக்கிறார் என்று நினைத்துத்தான் போனான். அவர் அதற்குள் பின்பக்கமாக வேறு ஆட்களோடு தப்பிவிட்டார். அது எங்களுக்குத் தெரியாது.

செடிகளுக்கு நடுவிலிருந்து நான் பார்த்தேன். லயத்துக்கு ஒரு பக்கம் தீ வைத்துவிட்டார்கள். வந்த வழியை அடைத்துக்கொண்டு ஆட்கள் நின்றார்கள். மாமாவால் மேலே ஏற முடியவில்லை. கீழே ஓடினான். ஓடையைத் தாண்டினான். நேராக மெனிக்கே வீட்டுப் பின்வாசலுக்குப் போனான். ஆயிரம் தடவை கேட்காமல் தள்ளிக்கொண்டு உள்ளே போன கதவு அது. அன்றைக்கு அது சாத்தியிருந்தது. அவன் கதவுக்கு முன்னால் நின்றான். தட்டுவதற்குக் கையைத் தூக்கினான். தூக்கிய கையோடு அப்படியே நின்றான். நான் பார்த்தது அவ்வளவுதான். காற்று திரும்பி, புகை நடுவில் வந்துவிட்டது. புகை விலகும்போது அங்கே அவன் இல்லை. கதவு சாத்தியேதான் இருந்தது.

அன்றைக்குப் பிறகு அவனை யாரும் பார்க்கவில்லை. உடம்பும் கிடைக்கவில்லை. எங்களை ஒரு பள்ளிக்கூடத்தில் கொண்டுபோய் வைத்தார்கள். இந்தியாவுக்குக் கப்பல் ஏறுவதற்கு முன்னால், தாத்தா ஒரு போலீஸ்காரரைத் துணைக்கு வைத்துக்கொண்டு மெனிக்கே வீட்டுக்குப் போய்க் கேட்டார். அவள் தாத்தாவின் கையைப் பிடித்துக்கொண்டு அழுதாளாம். நானும் மகனும் உள்ளேதான் இருந்தோம், கதவை யாரும் தட்டவில்லை, தட்டியிருந்தால் திறந்திருப்பேன் என்று புத்தர் மேல் சத்தியம் செய்தாளாம். தாத்தா அதை நம்பினார். என் அம்மா சாகும்வரை நம்பவில்லை. திறக்காமல் கொன்றுவிட்டாள் என்றே சொல்லிக்கொண்டிருந்தாள்.

அம்மா சொன்னது உண்மையாக இருந்தால் எனக்கு இவ்வளவு துன்பம் இருந்திருக்காது. ஒரு பொல்லாதவள் என்று திட்டிவிட்டு மறந்திருப்பேன். ஆனால் நான் அவன் கையைப் பார்த்தேன். அது நின்றுபோனதைப் பார்த்தேன். மெனிக்கே சொன்னதுதான் உண்மை என்று எனக்குத் தோன்றுகிறது. உயிர் போகிற நேரத்தில், இரண்டு மாசமாகப் பேசாத வீடாயிற்றே, நம்மை என்ன நினைப்பார்களோ என்று அவன் தயங்கியிருக்கிறான். அந்தப் பக்கம் இரண்டு பேர் கதவைத் திறக்கத் தயாராக உட்கார்ந்திருக்கிறார்கள். நடுவில் ஒரு பலகை.

உன் வீடியோவைப் பார்த்ததிலிருந்து அவன் திரும்பவும் வருகிறான். கனவில் வந்தால் பரவாயில்லை, பட்டப்பகலில் வருகிறான். போன வாரம் ஜங்ஷனுக்குப் போகிற பஸ்ஸில் உட்கார்ந்திருந்தேன். தெற்கு ரத வீதியில் முதுகைக் காட்டிக்கொண்டு ஒருவன் நடந்து போனான். அதே தோள், அதே சாய்ந்த நடை. நான் பஸ்ஸை நிறுத்தச் சொல்லி இறங்கி, அந்தக் கூட்டத்தில் பின்னாலேயே ஓடினேன். ஒரு ஜவுளிக்கடை முன்னால் அவன் திரும்பினான். காதில் எதையோ மாட்டியிருந்தான். எடுத்துவிட்டு, "என்ன ஆச்சி, வழி தெரியலையா?" என்று கேட்டான். நல்ல பிள்ளை. என்னைப் பஸ் ஏற்றிவிட்டுத்தான் போனான். எனக்கு அறுபது தாண்டிவிட்டது. அண்ணனுக்கு இன்னும் பத்தொன்பது. இனி அவன் எதிரே வந்தாலும் என்னை ஆச்சி என்றுதான் கூப்பிடுவான்.

உங்கள் ஊரும் அந்த ஊரும் ஒன்று என்று நான் சொல்லவில்லை. அங்கே மைக் வைத்து, ஒருவர் பேசி முடித்த பிறகு மற்றவர் பேசுகிறார்கள். எழுந்து கத்தியவனை அந்த ஊர்க்காரர்களே அதட்டுகிறார்கள். பிரிய வேண்டும் என்று ஒருவர் பலகை வைத்ததால் அவர் கெட்டவர் ஆகிவிட மாட்டார். ஒரு நாட்டோடு இருப்பதா, விலகுவதா என்பது மனிதர்கள் பேசித் தீர்க்க வேண்டிய விஷயம்தான். அதில் எது சரி என்று சொல்ல எனக்குத் தெரியாது. நீங்கள் அந்த மண்ணில் இருக்கிறீர்கள், உங்களுக்குத் தெரியும்.

அதனால், போக வேண்டாம் என்று மாப்பிள்ளையிடம் நான் சொல்ல மாட்டேன். கோபப்படாதே. வாயைத் திறக்காதே என்று சொல்லி வளர்த்த பிள்ளையைத்தான் நாங்கள் பறிகொடுத்தோம். அவன் பேசாமல் இருந்தது அவனைக் காப்பாற்றவில்லை. மாப்பிள்ளை பேசட்டும். ஓட்டு இல்லாதவர்களுக்கும் அங்கே வீடு இருக்கிறது, பிள்ளை இருக்கிறது என்று சொல்லட்டும். ஒரே ஒரு விஷயம், தனியாகப் போக வேண்டாம். நீயும் கூடப் போ.

ஆனால் அதற்கு முன்னால் எனக்காக ஒன்று செய்ய வேண்டும். நாளைக்கு நாளைக்கு என்று தள்ளாதே. இந்தக் கடிதத்தைப் படித்த அன்றைக்கே மாப்பிள்ளை எதிர்வீட்டுக்குப் போகட்டும். பலகையைப் பற்றியோ கூட்டத்தைப் பற்றியோ ஒரு வார்த்தை பேச வேண்டாம். கையில் எதையும் கொண்டுபோகவும் வேண்டாம். கொண்டுபோனால் வாங்கிக்கொண்டு, நன்றி சொல்லி அனுப்பிவிடுவார்கள். எதையாவது கேட்கட்டும். ஒரு ஏணி, ஒரு ஸ்பேனர், பனி தள்ளுகிற மண்வெட்டி, எதுவானாலும் சரி. உங்கள் வீட்டிலேயே இருந்தாலும் பரவாயில்லை, கேட்கட்டும். மெனிக்கே வீட்டில் ஒரு பிடி உப்பு கேட்டுப் போயிருந்தால் போதும் என்று நான் எத்தனை வருஷம் நினைத்திருக்கிறேன் தெரியுமா? மறுநாள் திருப்பிக் கொடுக்கப் போகட்டும். அதற்கு மறுநாள் வேறொன்று கேட்கட்டும். மேடையில் அவரும் இவரும் எவ்வளவு வேண்டுமானாலும் எதிரெதிராகப் பேசிக்கொள்ளட்டும். அந்தக் கதவைத் தட்ட உங்கள் கை கூசக் கூடாது. உங்கள் கதவைத் தட்ட அவர் கையும் கூசக் கூடாது.

அப்பா நனைந்துகொண்டு வந்துவிட்டார். தலையைத் துவட்டத் துண்டு கேட்கிறார். முடிக்கிறேன்.

பாப்பாவுக்கு என் முத்தம். மாப்பிள்ளையிடம், அத்தை மனதார வாழ்த்தி அனுப்புகிறேன் என்று சொல். உங்கள் மூன்று பேருக்கும், எதிர்வீட்டு வெய்னுக்கும், அவர் வீட்டாருக்கும் ஒரு குறையும் வராமல் உன் மாமாவுக்குப் பெயர் கொடுத்த நம் சாமி சொரிமுத்தையனார் காவல் இருக்கட்டும்.

சனிக்கிழமை கூட்டம் முடிந்ததும் போன் போடு. யார் ஜெயித்தார்கள், யார் என்ன பேசினார்கள், எவ்வளவு பேர் கை தட்டினார்கள் என்று ஒன்றும் சொல்ல வேண்டாம். மாப்பிள்ளை வீட்டுக்குள் வந்துவிட்டார் என்று மட்டும் சொல். அது போதும்.

என்றும் உன் நினைவாகவே இருக்கும்
அம்மா
முத்துராணி